ஃபேனைத் தொட்ட கொடி

மணி பிளான்ட் பாட்டிலில் தண்ணீர் மாற்றும்போது ஒரு வாசனை வரும். பாதி சேறும் பாதி ஊறிய வெற்றிலையுமாக, கோடையில் காவிரிப் படித்துறையோரம் தேங்கிப்போன குட்டையில் காலை விட்டால் எழுமே, ஏறத்தாழ அதேதான். மற்றவர்களுக்கு அவர்களுடைய சிறுவயதை மல்லிகைப்பூ நினைவூட்டுகிறது. எனக்கு வாய்த்தது அழுகிய வேர்.

உறையூரில் ஒரு மாடி வீட்டில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அத்தாவுக்குத் தோஹாவில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்திருந்தது. அவர் கிளம்பிய நாளில் நான் அவருடைய பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எப்போது திரும்பி வருவார் என்று சொன்னால்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தேன். கீழே கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அத்தா சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னலோரம் ஜாம் பாட்டிலில் இரண்டே இலைகளோடு நின்ற மணி பிளான்ட் அவர் கண்ணில் பட்டது.

“இந்தக் கொடி ஏறிப்போயி அந்த ஃபேனைத் தொடும் பாரு, அன்னைக்கு அத்தா வந்து நிப்பேன்” என்றார்.

நான் இறங்கிவிட்டேன். ஒப்பந்தம் இரண்டு வருடம் என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபேன்.

அன்று முதல் அந்தச் செடிக்கு நேர்ந்ததை எந்தச் செடிக்கும் நேரக் கூடாது. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், வடிகட்டிய டீத்தூள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டினேன். ஒருமுறை என் பங்குப் பாலைச் சர்க்கரையோடு கொடுத்துப் பார்த்ததில் செடி வளரவில்லை, எறும்புதான் வளர்ந்தது. தினமும் கொஞ்சம் இழுத்துவிட்டால் சீக்கிரம் நீளும் என்று எனக்கொரு அறிவியல் இருந்தது. ஒருநாள் காலையில் நுனி கையோடு வந்துவிட்டது. அத்தாவின் விமானத்தையே ஒடித்துவிட்டதுபோல அழுதேன். முறிந்த இடத்துக்குக் கீழே புதுத் தளிர் ஒன்றுக்கு இரண்டாகக் கிளம்பியது. கெடுப்பதைக்கூட எனக்கு ஒழுங்காகக் கெடுக்கத் தெரியாது.

அம்மா அதைப் பெயிண்ட் டப்பாவில் மண் நிரப்பி மாற்றி வைத்தாள். ஜன்னல் கம்பியிலிருந்து ஃபேன் ராடு வரைக்கும் ஒரு நூல் கட்டிவிட்டால் கொடிக்கு வழி தெரியும் என்று நான் சொன்னபோது, சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்டூலை எடுத்து வந்து போட்டு, நான் ஏறிக் கட்டி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அத்தா போன் பண்ணுவார். “செடி நல்லா இருக்குத்தா” என்று மட்டும் சொல்வேன். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வாயைத் திறந்தால் பலிக்காது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அவரும் “அப்படியா, நல்லா பாத்துக்க தம்பி” என்பதோடு நிறுத்திக்கொள்வார். என் ரகசியத்தை அவரும் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் பெருமை.

அடுத்த வருடம் சித்திரை வெயிலில், நூலைப் பிடித்துக்கொண்டு வந்த கொடி ஃபேன் ராடைத் தொட்டது. அம்மா ஃபேனை நிறுத்தினாள். நான் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்து, தெருவில் திரும்பிய ஒவ்வோர் ஆட்டோவையும் பார்த்தேன். எதிரே மலைக்கோட்டை அனலில் நெளிந்துகொண்டிருந்தது. ஆட்டோக்களிலிருந்து யார் யாரோ இறங்கினார்கள். மறுநாளும் அப்படியே. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடி ராடைச் சுற்றிப் பிடித்து, மேலே வேர் ஊன்றி, அங்கேயே குடும்பம் நடத்த ஆரம்பித்தது.

உள்ளே எங்கள் குடும்பம் வெந்துகொண்டிருந்தது. ஃபேன் போட முடியாது. அனல்காற்றில் இலை கருகுகிறது என்று ஜன்னலையும் பகலில் சாத்தியாயிற்று. என் வயதுப் பையன்கள் காவிரி மணலில் கிரிக்கெட் ஆட, நான் துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடும் ஒரு பனையோலை விசிறியோடும் உள்ளே உட்கார்ந்து, எனக்கு அடிக்காத காற்றையும் தெளிக்காத தண்ணீரையும் ஒரு செடிக்கு வழங்கிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு செல்வி அக்கா ஒருநாள் மேலே வந்து, வாசலைத் தாண்டாமல் நின்றுவிட்டார்.

“ஏங்கக்கா, வீட்டை இட்லிச்சட்டி மாதிரி மூடி வச்சிருக்கீங்க. புள்ள வெந்துட்டானான்னு குச்சி விட்டுப் பாக்கணும்போல இருக்கே.”

“பழகிடுச்சுங்க” என்றாள் அம்மா.

எனக்குப் பழகவில்லை. முதுகெல்லாம் வேர்க்குரு. ஒரு மத்தியானம், நுனியை மட்டும் எடுத்துவிட்டு ஃபேன் போடலாமா என்று நானே கேட்டேன். அம்மா எழுந்தாள். அத்தாவின் பழைய டூல்ஸ் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, ஃபேன் சுவிட்சின் மேல் குறுக்காக ஒட்டினாள். அதுவரைக்கும் இது என்னுடைய விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். சிறை கட்டியது நான். சாவி எப்போது அவளிடம் போனது என்று தெரியவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் அத்தா ஊரார் வீட்டையெல்லாம் குளிரவைத்துக்கொண்டிருந்தார்.

அவர் வந்தது ஒப்பந்தம் முடிந்து, இன்னொரு கோடையும் எங்களை அவித்த பிறகு. படியேறி வந்த வேகத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனவர், டேப்பைத் தடவிப் பார்த்தார்.

“என்ன புள்ள, ஃபேன் ரிப்பேரா? ஏசி மெக்கானிக் வீட்லயே ஃபேன் ஓடலன்னா ஊரு சிரிக்காதா?” என்றபடி அண்ணாந்து பார்த்தார். “இத யாரு அங்க ஏத்திவிட்டது?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“நீங்கதான்” என்றாள் அம்மா.

அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஜன்னல், நூல், ராடு என்று கண்ணாலேயே அந்தக் கொடியின் வழியெல்லாம் ஒருமுறை போய்த் திரும்பி, பெட்டியின் மேல், நான் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில், உட்கார்ந்துவிட்டார்.

கொடியை அவர் வெட்டவில்லை. மறுநாள் மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போய் ஒரு புது ராடு வாங்கி வந்து, பழையதைக் கொடிக்கே விட்டுவிட்டு, ஃபேனை மட்டும் கழற்றி அடுத்த உத்தரத்தில் மாட்டினார். அது அடுப்படி வாசலுக்கு நேராக அமைந்துபோனதால் காற்று முழுவதும் பாத்திர அலமாரிக்குப் போனது. தட்டுகள் சுகமாக இருந்தன. நாங்கள் மூவரும் பாயை இழுத்துப்போய் அலமாரிக்குக் கீழே படுத்துக்கொண்டோம்.

அந்த வீடு இப்போது இல்லை. அங்கே செல்போன் கடை இருக்கிறது. உத்தரம், ஃபேன் மாட்டும் கொக்கி, சாத்தி வைக்கும் மர ஜன்னல் எதுவும் ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் கிடையாது. அத்தா கையால் மாட்டிய ஏசி ஓடுகிறது. மணி பிளான்ட் மட்டும் உண்டு. ஒரு முழத்துக்கு மேல் அம்மா அதை வளரவிடுவதில்லை. கத்தரிக்கோலைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள்.

வேலைக்காக நான் புனேவுக்குப் போய் வருகிறேன். போன தடவை கிளம்பும்போது என் மகள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எப்போது வருவேன் என்று கேட்டாள். கீழே டாக்ஸி நின்றது. என்ன சொல்வதென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

“அந்தச் செடிப்பக்கம் திரும்பாத” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே. “தேதியச் சொல்லுடா.”

போனை எடுத்துத் திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டினேன். மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகுதான் இறங்கினாள்.