முழுசா ஒண்ணு

அழைப்பு மணி அடித்ததும் க்ளெமென்ட் டன்ஸ்டால் எழுந்து போய், கதவுக்கு முதுகைக் காட்டி, இரண்டு மணிக்கட்டையும் பின்னால் சேர்த்து நின்றுகொள்வார், விலங்கு மாட்ட வாகாக. மீன் வறுவல் கொண்டுவந்தவன் வெளியே காத்திருக்க, உள்ளே இவரும் காத்திருப்பார். அடுப்படியிலிருந்து அக்கா வெர்டெல் கத்துவாள்: "திரும்புடா! வந்திருக்கிறது வார்டர் இல்ல, என் சாப்பாடு."

வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறார். வயது அறுபதை ஒட்டி. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரங்களின் இரைச்சலில் யாரும் பேச்சுக்கொடுக்க மாட்டார்கள் என்பதற்காகவே பிடித்த வேலை. சாப்பிடும்போது இடது கை தட்டைச் சுற்றி வேலி போட்டிருக்கும். தேவாலயத்தில் யாராவது தோளைத் தட்டிவிட்டால், அந்த இடத்தை வீடு வரும்வரை தடவிக்கொண்டே வருவார்.

சிறையில் பதினோரு வருஷம் தனிக்கொட்டடி. அந்தத் தண்டனையைக் கண்டுபிடித்ததே இந்த மாநிலத்தின் அந்தக் காலத்துப் பக்திமான்கள்தான். தனியே கிடந்தால் மனிதன் கடவுளிடம் பேசுவான் என்று நம்பினார்கள். க்ளெமென்ட் பேசியது கக்கூஸ் குழாயிடம். கிண்ணத்துத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டுத் தலையைக் கவிழ்த்துப் பேசினால், அடுத்த கொட்டடியில் கேட்கும். அங்கே இருந்தவர் ப்ரூயிட். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குழாய் வழியே சதுரங்கம் ஆடினார்கள். ப்ரூயிட்டின் தாய் செத்த அன்று குழாய் வழியேதான் அழுகையும்.

ப்ரூயிட்டிடம் இருந்த ஒரே புத்தகம் அட்டை கிழிந்த அகராதி. ஒருநாள் கூப்பிட்டார். "டேய் க்ளெம், 'அலோன்'னா என்னன்னு போட்டிருக்கான் தெரியுமா? அந்தக் காலத்துல அது ரெண்டு வார்த்தையாம். 'ஆல்', 'ஒன்'. முழுசா ஒண்ணுன்னு அர்த்தம். ரெண்டும் ஒட்டிக்கிட்டு, கடைசில தனியாள்னு ஆயிடுச்சு."

"முழுசாவா? எழுதினவனைப் புடிச்சு இங்க ஒரு வாரம் போடு. பாதிகூடத் தேறமாட்டான்."

குழாய்க்குள் நெடுநேரம் சிரிப்பு உருண்டது.

சென்ற மாதம் ப்ரூயிட்டும் வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் செய்தார். வெர்டெல் கோழி வறுத்தாள், சோள ரொட்டி சுட்டாள். தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "இந்தாளுகிட்டயும் வாயத் திறக்கலன்னா நீ இனிமே யார்கிட்டயும் பேசப்போறதில்லடா. எனக்குப் பின்னாடி உனக்குன்னு யாரு இருக்கா?"

அவருக்கும் அது தெரியும். சட்டையை இரண்டு முறை மாற்றினார்.

வந்தவர் குள்ளமான, கண்ணாடி போட்ட மனிதர். க்ளெமென்ட் மனதில் இத்தனை வருஷம் இருந்தவர் ஆறடி. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"பஸ் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அவ்வளவுதான். கண்ணும் கண்ணும் பட்டால் இருவரும் கோழியைப் பார்த்தார்கள். கோழி ஆறியது.

"என்னய்யா, கோழிக்கு இரங்கல் கூட்டமா?" என்றாள் வெர்டெல். யாரும் சிரிக்கவில்லை. ப்ரூயிட் எழுந்து தொப்பியைத் தேடி எடுத்தார்.

"வரேன் அக்கா. சாப்பாடு நல்லா இருந்துச்சு." ஒரு வாய்கூட அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

க்ளெமென்ட் சட்டென்று எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். நடுச்சுவரை ஒட்டி அதைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு விரல் முட்டியால் சுவரில் இரண்டு தட்டு.

வாசல்வரை போய்விட்ட ப்ரூயிட் நின்றார். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். தன் நாற்காலியை இழுத்துவந்து, அதே சுவரின் இந்தப் பக்கம் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்தார்.