சதயன் தரையிறங்கிய நாள்

நீல மட்டை போட்ட எண்பது பக்கக் கொப்பி அது. கடைசித் தாளை ஒருவர் அவசரத்தில் பிடித்து இழுத்துக் கிழித்ததில், தையலோடு ஒரு விரலகல ஓரம் மட்டும் எஞ்சிவிட்டது. அந்த ஓரத்தில் என் கையெழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு எண்கள் இருக்கின்றன: 9, 23, 41, 58, 77, 104. ஏழாவது வரிக்கு நேரே வெறுமை. கிழிந்ததால் போன எண்ணல்ல அது. நான் எழுதவேயில்லை. எழுதுவதற்கு அப்போது எண் இருக்கவில்லை.

கொப்பி என் மச்சாளுடையது. அண்ணையின் மனைவி. புத்தூரில் எங்கள் வீட்டுக்கு அவர் மருமகளாக வந்து ஒன்றரை வருடத்தில் அண்ணை வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். எந்த ஆண்டு என்பதை நான் இங்கே எழுதவில்லை. திகதி இல்லாமல் ஒரு வரியும் எழுதாத எனக்கு இது பெரிய விட்டுக்கொடுப்புத்தான். ஆனால் மச்சாள் அதை விரும்பமாட்டார். இராணுவச் சோதனைச் சாவடிகள் இருந்த காலம், கடிதங்கள் வாரக்கணக்கில் பிந்தி வந்த காலம் என்றால் எங்கள் பக்கத்தவர்களுக்குப் போதும். நான் அப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் இலிகிதர். மழை பெய்த நாள், பஸ் ஓடாத நாள், மின்சாரம் வந்து போன நேரம் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் குறித்துவைப்பது என் பழக்கம். இன்றும் அதுதான்.

அண்ணை போன மறுநாள் மச்சாள் எழுதத் தொடங்கினார். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர். நூலகத்தில் விண்வெளி பற்றி இருந்த புத்தகங்களையெல்லாம் கலியாணத்துக்கு முன்னரே வாசித்து முடித்தவர். அவர் எழுதியது ஒரு போர் விமானியின் வாழ்க்கை. அந்த விமானி பறப்பது விண்மீன்களுக்கிடையில். பெயர் சதயன். ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய போர்க்கலம் அவனுக்கு. எதிரிகள் ஒரு கோளைச் சுற்றியுள்ள வளையத்தில் வாழ்பவர்கள். அவர்களுக்கு மச்சாள் வைத்த பெயர் வளையத்தார். சதயன் பயிற்சியாளனாகச் சேர்ந்தது, முதற்பறப்பில் வாந்தி எடுத்தது, காயப்பட்ட தோழனை விட்டுவிட்டு வா என்ற கட்டளையை மீறித் திரும்பிப் போனது, அதற்காக மேலிடம் அவனது பதவியைப் பறித்தது, பிறகு ஆட்பற்றாக்குறையால் அதே பதவியைத் திருப்பிக் கொடுத்தது என எல்லாவற்றையும் ஒரு சேவைப் பதிவேடு போல நாள் எண்ணிட்டு எழுதினார். அவனது சட்டைப் பையில் எப்போதும் இரண்டு புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, இருக்கும். ஒன்றைப் போகும்போது சப்புவான். மற்றதை வரும்போது சப்புவதற்கு வைத்திருப்பான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. கிணற்றடியில் பாத்திரம் கழுவியபடி என்னிடம் சொல்லுவார்: “கொண்ணன் பிளேனிலை போனான். உவள் ராக்கெற்றிலை போறாள். நான்தான் இஞ்சை அடுப்போடை.” மச்சாள் அதைக் கேட்டுச் சிரிப்பார். கொப்பியை மூடமாட்டார்.

அந்தப் போர் எதற்காகத் தொடங்கியது என்று கொப்பியில் எங்கும் இல்லை. ஒருநாள் கேட்டேன். “சதயனுக்கே தெரியாது, தம்பி. அவனுக்குத் தெரியாததை நான் எப்பிடி எழுதுறது?” என்றார்.

என்னிடம் கொப்பி வந்தது பிழை திருத்துவதற்காக. வாசித்துப் போகையில் அறுபத்தோராம் நாள் சதயன் மருத்துவமனையிலும் கிடந்தான், வானத்திலும் பறந்தான். சுட்டிக்காட்டினேன். “பாவம், அவனுக்கும் ஒரு இலிகிதர் வாய்ச்சிட்டார்” என்று சொல்லி, மருத்துவமனையை இரண்டு நாள் முன்னுக்குத் தள்ளினார். இனி இப்படிப் பிழை வரக்கூடாது என்று கடைசித் தாளில் ஒரு பட்டியல் கீறினேன். புறப்பட்ட நாள், எத்தனை கலங்கள் போயின, எத்தனை அழிந்தன, திரும்பிய நாள். அதோடு நிற்காமல், கதையின் நாட்களுக்கு நேரே எங்கள் நாட்காட்டித் திகதிகளையும் போட்டேன். கதையின் முதலாம் நாள் அண்ணை புறப்பட்ட நாள் என்பதை அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். தலைப்புகளை ஆங்கிலத்தில் எழுதினேன். அப்படி எழுதினால் பட்டியலுக்கு ஒரு மதிப்பு வரும் என்ற இலிகிதப் புத்தி.

பட்டியலைப் போட்டபின்தான் இன்னொன்று தெரிந்தது. சதயன் தரையிறங்கிய ஆறு நாட்களும், அண்ணையின் ஆறு கடிதங்கள் எங்கள் கைக்குக் கிடைத்த நாட்கள். கடிதங்கள் வந்த திகதி என் நாட்குறிப்பில் இருந்தது, ஒத்துப்பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. கடிதம் வந்தால்தான் மச்சாள் அவனை இறக்குவார். வராதவரை அவன் வானத்தில்தான். கேட்டபோது மறைக்கவில்லை. “வராத ஆளை வந்திட்டார் எண்டு எழுதினால் நாவூறு பட்டிடும். நடக்க முதல் வாயாலை சொல்லுறதே கூடாது, எழுதுறது அதைவிடக் கூடாது” என்றார். பௌதிகம் படித்தவர் இப்படிச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருக்கவில்லை. அந்த நாட்களில் ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று நம்பாத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை.

ஏழாம் பறப்புக்குச் சதயன் புறப்பட்டது நூற்று ஆறாம் நாள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. நூற்றைம்பது தாண்டியது. இருநூறு தாண்டியது. மச்சாள் எழுதுவதை நிறுத்தவில்லை. எரிபொருள் குறைவதையும், தளத்தோடு தொடர்பு அறுந்ததையும், சதயன் இரண்டாவது புழுக்கொடியலை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பைக்குள் வைப்பதையும் எழுதிக்கொண்டே போனார். சாப்பாடு குறைந்தது. தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போகமாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, மணி எங்கள் படலையைக் கடந்து போகும்வரை அப்படியே இருப்பார்.

ஒரு புதன்கிழமை, அண்ணையை அனுப்பிய முகவரின் ஆள் செய்தி சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சுன்னாகத்தில் உள்ள ஒரு தொலைபேசிக் கடைக்கு அழைப்பு வரும். யார் அழைப்பார் என்று சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் பயந்தோம்.

வெள்ளி காலை பத்தரைக்கே இரண்டு சைக்கிளில் புறப்பட்டோம். மச்சாளின் பைக்குள் கொப்பி இருந்தது. அண்ணையின் குரலைக் கேட்ட உடனேயே, கடையிலேயே இருந்து சதயனை இறக்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். வழியில் ஒரு சந்திச் சாவடியில் பைகளைக் கொட்டச் சொன்னார்கள். அப்போது மணி பதினொன்றேகால்.

கொப்பியைப் புரட்டிய சிப்பாய்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எண்பது பக்கத்தில் மச்சாள் எழுதிய கற்பனையில் ஓர் எழுத்தும் அவனுக்கு விளங்கியிருக்காது. சலிப்போடு தாள்களைத் தள்ளிக்கொண்டு போனவன் கடைசித் தாளில் நின்றான். அங்கே எண்கள் இருந்தன. திகதிகள் இருந்தன. எத்தனை போயின, எத்தனை அழிந்தன, எத்தனை திரும்பின என்று ஆங்கிலத்தில் தலைப்புகள் இருந்தன. அந்தத் திகதிகள் சிலவற்றில் எங்கள் வானத்தில் உண்மையான விமானங்களும் பறந்திருந்தன. அந்தக் கொப்பி முழுவதிலும் அவனால் வாசிக்கக்கூடியதாக இருந்த ஒரே பக்கம் நான் எழுதிய பக்கம்.

எங்களை ஒரு மரவாங்கில் இருத்தினார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அவர் வந்தபோது மணி ஒன்றரை. அவர் பட்டியலை விரித்துப் பிடித்து, இது யாருடைய எழுத்து என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சாள் சொல்லிவிட்டார்: “எல்லாம் என்ரை எழுத்துத்தான்.” எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அந்த வயது ஆண்பிள்ளை அந்தப் பட்டியலை எழுதியதாகச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் பேசாமல் இருந்தேன்.

அவர் கொப்பியை முதலிலிருந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். சுவர் மணிக்கூடு இரண்டைக் காட்டியது. இரண்டேகாலைக் காட்டியது. பத்துப் பக்கம்கூட முடியவில்லை. பிறகு கடைசிக்குப் போய், ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

“இவன் இப்ப எங்க?”

“தெரியாது” என்றார் மச்சாள்.

உண்மையான பதில் அதுதான். சொல்லியிருக்கக் கூடாத பதிலும் அதுதான். அதிகாரியின் முகம் மாறியது.

“கதை எண்டு சொல்றது. கதைக்கு முடிவு இருக்கும் தானே. முடிவு எங்க?”

“இன்னும் வரேல்லை.”

“அப்ப இப்ப எழுது” என்று பேனாவை நீட்டினார். “எழுதினா போகலாம்.”

மச்சாள் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு முப்பத்தைந்து. இனிச் சுன்னாகத்துக்கு மிதித்தால் மூன்றுக்குப் போய்ச் சேரலாம், சேராமலும் விடலாம். பேனாவை வாங்கினார். சதயனைச் சாகடித்திருந்தால் அந்த அதிகாரிக்கு இன்னும் நிச்சயமாகக் கதையாகப் பட்டிருக்கும். மச்சாள் பட்டியலைத் தொடாமல், கதை நின்ற பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: “நாள் 229. சதயன் தரையிறங்கினான்.” அண்ணையிடமிருந்து ஒரு சொல்லும் வராமல் நூற்றிருபத்தைந்து நாட்கள் ஆகியிருந்தன.

அதிகாரி பட்டியலை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு கொப்பியைத் திருப்பித் தந்தார்.

கடைக்குப் போனபோது மூன்று மணி ஏழு நிமிடம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். மூன்றுக்கு அழைப்பு வந்ததாம், இரைச்சல், யார் என்று கேட்பதற்கு முன் அறுந்துவிட்டதாம். ஆறு மணிவரை அங்கேயே நின்றோம். அழைப்பு வரவில்லை. சைக்கிளை எடுக்கும்போது மச்சாள் கொப்பியை என் கையில் வைத்தார். “இதை நீயே வைச்சிரு. என்ரை கண்ணிலை காட்டாதை. வராத ஆளை வரப் பண்ணிப்போட்டன்.”

அதன்பிறகு அவர் எழுதவில்லை. எழுதுவதற்குத்தான் ஒன்றும் இல்லையே, சதயன் இறங்கிவிட்டான். அந்த நாட்களில் மச்சாளைவிட நான்தான் தபாற்காரருக்கு அதிகம் பயந்தேன்.

நாற்பத்தேழு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அண்ணையின் கையெழுத்து. ஒரு குளிர்நாட்டு முகாமில் இருக்கிறார். இனித் திருப்பி அனுப்பமாட்டார்கள் போல இருக்கிறது. அவரும் புறப்பட்ட நாளிலிருந்து இடுப்புப் பட்டியில் கீறிக் கீறி நாட்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் எழுதியிருந்தார்: “வெளிக்கிட்டு இருநூற்று முப்பத்தோராம் நாள் காட்டுக்குள்ளை பிடிபட்டம். லொறியாலை குதிச்சதிலை இடக்கை முறிஞ்சு போச்சு. பயப்பிடாதை.” மூன்று மணி அழைப்பு முகவரின் ஆளுடையது என்பதும் அதில் தெரிந்தது.

மச்சாள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அண்டைக்கு நான் எத்தினையாம் நாள் எண்டு எழுதினனான்?”

இருநூற்று இருபத்தொன்பது. அவர் எழுதி இரண்டு நாளில் அண்ணையின் கை முறிந்திருக்கிறது. இது என் மூளையில் ஒரு நொடியில் ஓடி முடிந்தது.

“இருநூற்று முப்பத்தொன்பது” என்றேன்.

“அப்ப நான் எழுத முதலே நடந்து முடிஞ்சுது.”

“ஓம் மச்சாள். எட்டு நாள் முதலே.”

அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். அன்று அவர் சோறு போட்டுச் சாப்பிட்டதை அம்மா வாசலில் நின்று பார்த்தார். மச்சாளுக்கு எண்ணத் தெரியாதா? புறப்பட்ட திகதியும் தெரியும், அந்த வெள்ளிக்கிழமையும் தெரியும். விரல்விட்டு எண்ணியிருந்தாலே பிடித்திருப்பார். எண்ணும் வேலையை அவர் என்னிடம் விட்டிருந்தார். நான் அறிந்து சொன்ன பொய்த் திகதி என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அன்றைய நாட்குறிப்பில் “அண்ணையின் கடிதம் வந்தது” என்று மட்டும் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து மச்சாளும் அண்ணையிடம் போனார். அம்மாவின் செத்தவீட்டுக்கு அவர் மட்டும் வந்து போனார். அண்ணையால் அப்போது வர முடியவில்லை. குளிர்காலத்தில் அவரது இடக்கை இன்றும் முழுதாக மடங்காது. போன ஞாயிறு மச்சாள் தொலைபேசியில் சொன்னார், அடுத்த மாதம் இருவரும் வருகிறார்களாம். அண்ணை புறப்பட்ட பிறகு முதல் தடவையாக. “அந்தக் கொப்பியை எடுத்து வை, தம்பி. கொண்ணர் சதயனை ஒருநாளும் வாசிக்கேல்லை. நான் வாசிச்சுக் காட்டப்போறன்.”

அன்றிலிருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை. கொப்பி மேசையில் இருக்கிறது. மச்சாளின் கையெழுத்தில் 229. நடுவில் இருக்கும் இரண்டை மூன்றாக்க ஒரு வளைவு போதும். மை நிறமும் ஏறக்குறையப் பொருந்துகிறது, பார்த்துவிட்டேன். நேற்றுக் காலை பேனாவைத் திறந்து அந்த எண்ணின்மேல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். சாவடியில் என் எழுத்தைத் தன் எழுத்து என்று சொன்னவரின் எழுத்தில் நான் கை வைப்பதா என்று பட்டது. மூடிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் அச்சாகும் எதையும் தேடி எடுத்து வாசிப்பவர் மச்சாள். அதனால் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன், கொப்பியைத் திறப்பதற்கு முன் வாசிக்கட்டும். இருநூற்று இருபத்தொன்பதுதான், மச்சாள். நான்தான் மாற்றிச் சொன்னேன். கோபிப்பதென்றால் படலைக்குள் வந்து கோபியுங்கள்.

அந்தக் கிழிந்த ஓரத்தில் ஏழாவது வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அண்ணை புறப்பட்டு இது எத்தனையாவது நாள் என்பதை ஒவ்வொரு காலையும் கூட்டி வருகிறேன். அவர்கள் வரும் நாளுக்குரிய எண்ணும் தெரியும். நான்கு இலக்கம். சிறிதாக எழுதினால் அந்த விரலகலத்துக்குள் கொள்ளும். ஆனால் விமானம் இறங்கி, வாகனம் வந்து, அண்ணை எங்கள் முற்றத்தில் கால் வைக்கும்வரை நான் அதை எழுதப்போவதில்லை.