மஞ்சள் கலந்த தோங்

புஷ்பவல்லி அக்காவுக்குக் குரல் கொஞ்சம் பெரியது. டெங்கில் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறார். எங்கள் தாமான் குடியிருப்புக்குள் அவர் ஹாரன் அடிக்கத் தேவையில்லை. "சப்பாத்து போட்டாச்சா?" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், பிள்ளைகள் வாயில் ரொட்டியோடு ஓடி வரும். பக்கத்து வீட்டில் இருக்கும் நானே சில நாள் என் காலைக் குனிந்து பார்த்திருக்கிறேன்.

அந்தக் குரல் ஆற்றின் மேல் திரும்பியது, அவர் கணவர் பக்கிரிசாமி அண்ணன் இறந்த பிறகுதான். எங்கள் மாரியம்மன் கோயில் லங்காட் ஆற்றங்கரையில் இருக்கிறது. தோட்டம் போய் வீடுகள் வந்த பிறகும் கோயில் அங்கேயேதான் நிற்கிறது. திருவிழா அன்று காவடியும் பால்குடமும் எடுப்பவர்கள் ஆற்றில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலுக்கு நடப்பது வழக்கம். இப்போது அந்தத் தண்ணீர் பால் டீ நிறத்தில் ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் பிளாஸ்டிக் பையும் செத்த எலியும் மிதந்து வரும். அதைக் கையால் விலக்கிவிட்டு முழுகுவார்கள் நம் ஆட்கள்.

அண்ணனும் அப்படித்தான், காலில் உடைந்த கொப்புளத்தோடு முழுகினார். அடுத்த வாரம் காய்ச்சல். டிங்கிக் கொசுக்காய்ச்சல் என்று நினைத்துப் பப்பாளி இலைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தோம். அது எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது சிறுநீரகம் போய்விட்டிருந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர், புண் வழியாகவும் கண், வாய் வழியாகவும் கிருமியை உள்ளே கொண்டுபோகுமாம். காவடி எடுத்த மனிதரை எலி கொன்றது என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதிலிருந்து கோயில் கூட்டம் ஒன்று விடாமல் அக்கா போய்ச் சண்டை போட்டார். தலைவர் திருச்செல்வம் கெட்டவர் இல்லை. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்பவர், அவ்வளவுதான். ஒரு வருடத் திருவிழாவில், ஆற்றில் மணல் அள்ளிய குழியில் ஒரு பையன் கால் வழுக்கி உள்ளே போய்விட்டான். வேட்டியைப் பிடித்து இழுத்துத்தான் கரை சேர்த்தார்கள். அதன் பிறகே தலைவர் இறங்கி வந்தார். போன வருடத் திருவிழாவுக்கு ஆற்றோரம் கயிறு கட்டினார்கள். கோயில் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, தோங் என்று நாங்கள் சொல்லும் பெரிய நீலப் பீப்பாயில் நிரப்பி, அங்கேயே குளிக்க ஏற்பாடு செய்தார்கள். தோங்குக்குப் பொறுப்பு புஷ்பவல்லி அக்கா. ஊரை ஜெயித்துவிட்டார் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் அந்த வருடம் பால்குடம் எடுக்க வந்தது அவர் ஒரே மகள் ஷாமினி. ஸ்ரீ கெம்பாங்கானில் கட்டிக்கொடுத்த பெண். இரண்டு முறை கரு தங்காமல் போனபோது, "ஒரு பிள்ளை தங்கினா எம்பொண்ணு ஆத்துல முழுகிப் பால்குடம் எடுப்பா" என்று வேண்டிக்கொண்டவர் அக்காதான். பெண் குழந்தை பிறந்து நன்றாக இருக்கிறது. முழுக வேண்டிய ஆற்றுக்கு அக்காவே கயிறு கட்டிவிட்டார். அம்மனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? இதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. என்னிடமாவது கேட்டிருக்கலாம்.

விடிவதற்குள் கயிற்றைத் தாண்டித் தனியாக ஆற்றில் இறங்கி, இரண்டு குடம் தண்ணீர் மொண்டு வந்து தோங்கில் ஊற்றினார். மேலே ஒரு கை மஞ்சள் தூள், வேப்பிலை. ஆற்றின் நிறத்தை மஞ்சள் மறைத்துவிட்டது. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்? கணவரை அதே தண்ணீருக்குக் கொடுத்தவரும் அதை நம்பினார். நம்ப வேண்டிய அவசரம் அவருக்கு.

நானும் அன்று பால்குடம் எடுத்தேன். விஷயம் தெரியாமல் தலையில் ஊற்றிக்கொண்டு, "ஆத்தவிட இது எவ்வளவு சுத்தம் அக்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஷாமினிக்குக் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தும் இறங்கவில்லை. டாக்டரம்மா ஆறு, குளம், வெள்ளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். எதிலும் இறங்கவில்லை, என் அம்மா ஆற்றுப் பக்கமே விடமாட்டார், குழாய்த் தண்ணீரில்தான் குளித்தேன் என்று அந்தப் பெண் சத்தியமாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் டிங்கியாக இருக்கும் என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்க்கப் போன அன்று திருச்செல்வமும் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்திருந்தார். ஷாமினியின் கண் இரண்டும் சிவந்திருந்தன. கால் பிடித்துவிடலாம் என்று அக்கா கெண்டைக்காலில் கை வைத்ததும் அவள் துடித்துப்போனாள். அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கிரிசாமி அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்தது. தலைவர் எதிரில் வாயைத் திறந்தால் இத்தனை வருடச் சண்டையும் வீண். திறக்காவிட்டால் மகள் போய்விடுவாள். அவர் தலைவரை ஒரு முறை பார்த்தார். பிறகு பேசினார். அந்தக் குரல் அவ்வளவு சிறியதாகி நான் கேட்டதில்லை.

"டாக்டர கூப்பிடுங்க. அது பைப்புத் தண்ணி இல்ல. நான்தான் ஆத்துத் தண்ணிய கலந்தேன்."

மருந்தை அன்றே மாற்றினார்கள். பிறகு வந்த ரத்தப் பரிசோதனையும் எலிக்காய்ச்சல் என்றது. ஷாமினி பிழைத்துக்கொண்டாள்.

அன்று அந்தத் தோங்கில் குளித்த ஒவ்வொரு வீட்டுக்கும் அக்காவே போன் செய்தார். "காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான்தான் கலந்தேன்" என்று ஒருவரிடமும் குறைக்காமல் சொன்னார். சிலர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். சிலர் கேட்டதை இங்கே எழுத முடியாது. இரண்டு வீட்டில் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் கோபம்தான். ஒரு மாதம் என் நெற்றியை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அந்தப் போன்களை வரிசையாகச் செய்ய எனக்குத் தைரியம் வந்திருக்காது.

ஷாமினி மட்டும் வெகுநாள் அம்மாவோடு பேசவில்லை.

இந்த வருடக் கூட்டத்தில் அக்கா மறுபடியும் எழுந்தார். திருச்செல்வம் மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்கா, தோங்குலயும் ஆத்துத் தண்ணிதானே லா இருந்திச்சு. அப்புறம் எதுக்கு தோங்கு?"

அக்கா உட்கார்ந்துவிட்டார். குழி இருக்கும் பக்கம் மட்டும் கயிறு போதும் என்று முடிவானது.

திருவிழா அன்று எல்லோரும் ஆற்றில் இறங்கினார்கள். புண்ணோடு இறங்கியவர்களையும் பார்த்தேன். அக்கா கோயில் குழாயடியில் தன் சொந்தத் தோங்கை நிரப்பி வைத்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஷாமினி அன்று குழந்தைக்கு முடி இறக்க வந்திருந்தாள். மொட்டை அடித்த தலையில் சவரக்கத்தி பட்டு இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே குழாயடிக்கு வந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் குழந்தையைக் கீழே இறக்காமல் தோங்குக்குள் எட்டிப் பார்த்தாள். மஞ்சள் இல்லை, வேப்பிலை இல்லை, தண்ணீருக்கு அடியில் தோங்கின் நீலம் தெரிந்தது. அப்படியும் கேட்டாள்.

"அம்மா, இதுல எதுவும் கலக்கலயே?"

அக்கா சொம்பில் மொண்டு, மகள் பார்க்கப் பார்க்கக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தண்ணீர் கழுத்து வழியாக வழிந்து சேலை நனைந்தது.

ஷாமினி குழந்தையை இறக்கி அம்மாவின் முன்னால் நிறுத்தினாள். சொம்பை மட்டும் அவளே வாங்கிக்கொண்டாள்.