போட்டோவில் ஒரு சிவப்பு அம்பு

எங்கள் எட்டு வயது மகள் ஜெசிக்குப் பல்லுக்குக் கம்பி இப்போதே போடலாமா, காத்திருக்கலாமா? ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இதே பட்டிமன்றம்தான்.

இப்போதே – நான். அப்புறம் – என் மனைவி ஸ்டெல்லா. அவள் வேலூரில் நர்ஸ். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். கோணல் தையல், லேசான கீறல்... எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. கண்ட இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன். அந்த ஷூ ரிப்பேருக்குத் திரும்பிப் போகும்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் கண் சும்மா இருக்குமா? "ஜெசி, ஈ காட்டு" என்பேன். டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி, முன்பல் இரண்டும் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று பார்ப்பேன். தினமும்! கொஞ்ச நாளாக அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். எனக்கு அவசரமே அதனால்தான்.

"இது இன்னா உங்க ஷூ தோலா, ஈரமா இருக்கறப்பவே இழுத்து ஆணி அடிக்க? கொஞ்சம் பொறுங்களேன்" என்பாள் ஸ்டெல்லா.

போன சனிக்கிழமை பல் டாக்டரிடம் போனோம்.

"தாடையில கோளாறு இருந்தா இப்பவே ஆரம்பிச்சிருப்பேன். இவளுக்குத் தாடை நல்லா வளருது. பால் பல்லெல்லாம் விழட்டும், பன்னெண்டு வயசு கிட்ட பாத்துக்கலாம்" என்றார். பிறகு ஜெசியிடம், "ஸ்கூல்ல யாராச்சும் கிண்டல் பண்றாங்களாம்மா?"

"ஸ்கூல்ல யாரும் இல்ல."

எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஹாலில் இருந்த எங்கள் கிறிஸ்துமஸ் போட்டோவைப் பார்த்தேன். ஜெசியின் முகத்தில், சரியாக முன்பல்லைக் காட்டி... என் சிவப்பு அம்பு! என் சட்டைப் பையிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"இன்னா பாப்பா இது?"

"டிஃபெக்ட்டுப்பா. நீ இப்டிதானே ஒட்டுவே?"

அப்போதுதான் உறைத்தது. குழந்தையை வாய் பொத்த வைத்தது பல் இல்லை, நான்தான்.

நகத்தால் மெல்ல நெம்பி அம்பை உரித்தேன். "அப்பா தப்பு பண்ணிட்டேன்டா. இனிமே ஈ காட்டச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஜெசி என் விரலிலிருந்து அம்பை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். போட்டோவில் என் தொப்பை மேல் ஒட்டினாள். பிறகு கையால் பொத்தாமல், இரண்டு பல்லும் பளிச்சென்று தெரிய, விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஸ்டெல்லா உரிக்க விடவில்லை. இந்தக் கோளாறுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாதாம்... இப்போதே ஆரம்பிக்க வேண்டுமாம்!