கனமான டிரை சூட்

ஆவடிப் பக்கத்து ஏரிகளிலும் கல்குவாரிக் குட்டைகளிலும் மூழ்கிப்போனவர்களைத் தேடி எடுப்பது எங்கள் குழுவின் வேலை. தண்ணீர் என்று பெயர்தான். சாக்கடை கலந்து கறுத்துக் கிடக்கும். உள்ளே கண் எதற்கும் உதவாது. மண்டியிட்டு, கையால் துழாவிக்கொண்டே நகர வேண்டும். அதற்குத்தான் டிரை சூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும், உடம்பில் ஒரு சொட்டுப் படாது.

முதன்முதலில் சூட் வாங்கியபோது தேர்ந்தெடுத்தவன் நான். போட்டுப் பார்த்தோம், கையைத் தூக்கினோம், குனிந்தோம், ஃபோட்டோகூட எடுத்துக்கொண்டோம். மண்டியிட்டே வேலை செய்கிற கூட்டத்தில் ஒருத்தனுக்குக்கூட மண்டி போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நம்ம ஊர் வெயிலுக்கு லேசானதே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய மேதாவி!

அடுத்த மழைக்காலத்தில், ஏரியின் அடியில் கிடந்த பாட்டில் சில்லு என் கூட்டாளியின் முழங்காலில் ஏறியது. சூட்டும் கிழிந்தது, தோலும் கிழிந்தது. கரையேறியவன், "இன்னா மாமே, உன் சூட்டு உள்ளயே குளிப்பாட்டுது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். காயத்தில் அழுக்கு ஏறி, இரண்டே வாரத்தில் போய்விட்டான். அன்று சிரித்ததற்காக என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பின்னாலிருந்து "மாமே" என்கிறான். யாரும் இல்லை என்று தெரிந்தேதான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.

கருணை அடிப்படையில் அவன் மனைவிக்கு எங்கள் அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார்கள். ஃபைல்களெல்லாம் அவள் மேசை வழியாகத்தான் போகும். என்னை அண்ணா என்பாள். மேசையைப் பார்த்தே பதில் சொல்வேன்.

இந்த வருடம் மறுபடி சூட் வாங்க வேண்டி வந்தது. இம்முறை மாதிரிக்கு மூன்று சூட் வரவழைத்து, வாசலில் ஜல்லி கொட்டி, அதன்மேல் மண்டி போட்டு ஊர்ந்தோம். லேசானவை இரண்டும் முட்டியில் தேய்ந்துவிட்டன. முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைத்த கனமான சூட் மட்டும் கீறல்கூட இல்லாமல் வந்தது.

"அண்ணாத்தே, இத்த போட்டுகினா வெந்துருவோம்" என்றான் குழுவில் ஒருவன்.

"வெந்தா தண்ணி ஊத்திக்கலாம்டா, போடு!" என்று எரிந்து விழுந்தேன்.

கனமானதையே வாங்கலாம் என்று குறிப்பு எழுதி, கூட்டாளியின் மனைவியிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள்.

"இது நல்லதாண்ணா?"

"நல்லதும்மா."

"அப்ப இது கெடைக்கலியா?"

"அப்ப வரலம்மா" என்றேன். பொய் தானாக வந்துவிட்டது.

அவள் அலமாரியைத் திறந்து பழைய ஃபைலை எடுத்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். இதே சூட்டின் படம். பக்கத்தில் என் கையெழுத்தில், 'கனம் அதிகம். தேவையில்லை.'

"வேலைக்கி வந்த மொத நாளே பாத்துட்டேண்ணா" என்றாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துகினு இருந்தேன்."