கடிவாளம் பிடித்த கை

பெர்னடெற்றுக்குக் கோபம் வந்தால் அது சில்லறை விழுகிற சத்தத்திலேயே வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். அன்று காலை, லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் அவளுடைய கடைக்குப் பால் வாங்க வந்த பெண், மீதிக் காசைப் பொறுக்கிக்கொண்டு அவசரமாக வெளியேறினாள். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. பச்சைத் துணி அட்டை, பொன்னெழுத்துத் தலைப்பு. கில்பிரான் மாளிகையின் கோல்டிங் குடும்ப வரலாறு.

“குதிரைக்குப் பேர் இருக்குது. நாய்க்குப் பேர் இருக்குது. நாய்க்குப் படமும் இருக்குது. அன்ரியின்ர பேர் எங்கயப்பா?” என்று புருஷன் யாக்கோப்பிடம் கேட்டாள்.

யாக்கோப்பு உறைபெட்டிக்குள் மீன் பொதிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “வடிவாப் பாத்தனீரே?” என்றார்.

“முதல் தாளில இருந்து கடைசித் தாள் மட்டும் பாத்திட்டன். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்சிருக்கினம்.”

அன்ரி என்பவர் ஒனோரா கியோ. கடைக்கு மேலே உள்ள வீட்டில் தனியாக இருந்தார், தொண்ணூறைத் தாண்டிவிட்டார். தினமும் காலையில் தடியை ஊன்றிப் படியிறங்கி வந்து, பத்திரிகை வாங்கி, கல்லாவுக்கு இந்தப் பக்கம் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தைத் திட்டிவிட்டுத்தான் மேலே போவார். பிறந்தது அயர்லாந்தில், கோர்க் பக்கம், கில்பிரான் என்ற மாளிகையில். ஐரிஷ்காரி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கோல்டிங் குடும்பம் முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்துப் படையோடு போய், அங்குள்ளவர்களை அடித்துத் துரத்திய காணியில் குந்திய குடும்பம். இவர்கள் புரட்டஸ்தாந்துகள், இவர்களுக்குக் குத்தகை கட்டிய சனம் கத்தோலிக்கர். உருளைக்கிழங்கு அழுகிச் சனம் பட்டினியால் செத்த பஞ்சத்தில், குத்தகை கட்டாதவனின் கூரையைப் பிரித்து இறக்க ஆள் அனுப்பியவர்கள் இந்தப் பெரிய மனிதர்கள்தான். இதையெல்லாம் வெளியாள் யாரும் சொல்லவில்லை, அன்ரியே சொல்லுவார்.

“சனம் புல்லைத் தின்றது, பெர்னி. எங்கள் மேசையில் ஆட்டுத் தொடை இருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.”

புத்தகத்தில் அந்தப் பஞ்சத்துக்குக் கிடைத்தது ஒரே வரி. பண்ணைக்கு அது கடினமான காலமாக இருந்ததாம். பெர்னடெற் அந்த வரியை விரலால் குத்திக் காட்டினாள், புத்தகத்துக்கு நோகட்டும் என்பதுபோல.

அந்த மாளிகையின் மூத்த பிள்ளை ஒனோரா, இருபத்திரண்டு வயதில், படலையைத் திறந்து மூடுகிற காவற்காரனின் மகன் மைக்கல் கியோவைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குக் கப்பலேறினார். மைக்கல் கத்தோலிக்கன், ஒரு துண்டுக் காணியும் இல்லாதவன். தகப்பன் சேர் ஹியூ கோல்டிங், பிள்ளைகளின் பிறப்பை எழுதி வைக்கும் குடும்ப வேதாகமத்தை எடுத்து, மகளின் பெயரிருந்த வரியை மையால் அடித்தார். கடவுளின் புத்தகத்தில் அடிக்க அந்த மனிதனுக்குக் கை வந்திருக்கிறது. மைக்கல் லண்டனில் பஸ் ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. அவர் செத்தும் முப்பது வருடமாகிவிட்டது. அந்தப் பெயர் மட்டும் அடித்தபடியே கிடந்தது.

இதைக் கேட்ட அன்றே பெர்னடெற் அன்ரியைத் தன் ஆளாக்கிக்கொண்டாள். காரணம் இருந்தது.

அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் இளவாலையில் பெயரான காணிக்காரர். வயல், பனங்காணி, வெங்காயத் தோட்டம், கோவிலில் உட்கார முன் வாங்கு. மகள் போய்ப் பாஷையூரில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவரின் மகனைக் கட்டினாள். இரண்டு வீடும் ஒரே வேதம், ஒரே செபமாலை. ஆனாலும் சாதி என்று வந்தால் அந்தோனியாரும் மரியாளும் ஒதுங்கி நின்று வழிவிடத்தான் வேண்டும். அப்பா அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை. பெர்னடெற்றும் யாக்கோப்பும் லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் நின்று, சுத்திகரிப்பு வேலை செய்து, இந்தக் கடையைப் பிடித்தார்கள்.

அப்பா செத்த செய்தி அவளுக்குத் தன் கடையிலேயே கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் வாசலில் அடுக்கி வைக்கும் இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப் பக்க மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்து அறிவித்தலில் செத்தவரின் ஒரு உறவும் தப்பாது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, மாமன், பாட்டன் என்று பூட்டப்பிள்ளை வரைக்கும் போகும். அதில் அப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். பெற்றது நாலு. அறிவித்தலைக் கொடுத்தவர் அண்ணன் கிறிஸ்துநாயகம், இதே லண்டனில், வால்தம்ஸ்டோவில் இருந்துகொண்டு.

“உங்கட ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மோசம் போயிட்டாராம், தெரியுமே?” என்று அன்று கறித்தூள் வாங்க வந்த ஒரு மனுசி கேட்டாள். பெர்னடெற் தெரியும் என்று சொல்லி, கறித்தூளையும் பத்திரிகையையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தாள். அம்மாவை அண்ணன் பிறகு லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து அம்மா இரகசியமாகப் போன் எடுப்பார். பெற்ற தாய், பெற்ற பிள்ளையோடு, களவாக.

ஆகவே அன்ரியின் தம்பி மகன் ரூப்பர்ட் கோல்டிங் ஒருநாள் மிச்சத்துக்கு வந்தபோது மிகவும் சந்தோசப்பட்டவள் பெர்னடெற்தான். அறுபது வயது, நல்ல சப்பாத்து, நல்ல பேச்சு. குடும்ப வரலாறு எழுதுகிறாராம். கில்பிரான் மாளிகையை விற்று, அது ஹோட்டலாகி எவ்வளவோ காலம். உள்ளே எந்த அறை எங்கே இருந்தது, யார் எங்கே படுத்தார்கள் என்று தெரிந்தவர் உயிரோடு இருப்பது அன்ரி ஒருவர்தான். ஒரு குளிர்காலம் முழுக்க வந்து, ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துக் கேட்டார். அன்ரியும் சொன்னார்: குதிரைகளின் பெயர், சமையற்காரியின் பாட்டு, மழை ஒழுகும் படிக்கட்டு. பழைய படங்கள் ஒட்டிய அல்பத்தையும் எடுத்துக் கொடுத்தார். பெர்னடெற் தேத்தண்ணீரும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். “நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே இல்லை, மாமி,” என்று அவர் வாய் நிறைய ரோல்ஸோடு சொன்னதைக் காதால் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் அன்ரி அவளிடம் மனம் திறந்தார். “எனக்கு அந்த வீடு வேண்டாம், பெர்னி. அந்த ஆட்களும் வேண்டாம். நான் பிறக்கவில்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும்.”

புத்தகம் வந்தது. அதில் சேர் ஹியூவுக்கு ஒரே பிள்ளை, ஆண் வாரிசு, ரூப்பர்ட்டின் தகப்பன் ஜெஃப்ரி. அன்ரி கொடுத்த ஒரு படமும் இருந்தது. அசல் படத்தில் சின்ன ஒனோரா குதிரைக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், தம்பி மேலே இருப்பான். அச்சிட்ட படத்தில் தம்பி இருக்கிறான், குதிரை இருக்கிறது, ஓரத்தில் கடிவாளத்தைப் பிடித்த ஒரு சின்னக் கை மணிக்கட்டோடு இருக்கிறது. கைக்குரியவள் இல்லை. கறிவேப்பிலையைக்கூடக் கறியில் போட்ட பிறகுதான் எடுத்து வீசுவார்கள். இவர்கள் வாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இலையே முளைக்கவில்லை என்கிறார்கள்.

அல்பத்துப் படங்களைத் திருப்பிக் கொடுக்க ரூப்பர்ட் வந்தபோது பெர்னடெற் கடை வாசலிலேயே மறித்தாள். அவளுக்கு ஆங்கிலத்திலும் யாழ்ப்பாணமாகத்தான் கோபிக்க வரும்.

“என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்? அவ உயிரோட மேல இருக்கிறா.”

“இதில் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை,” என்றார் அவர். “வேதாகமத்தில் உள்ளபடிதான் எழுதவேண்டும் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம்.”

“இருந்து திண்ட ரோல்ஸுக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.”

அவர் படங்களைக் கல்லாவில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனும் எவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்துகிறான் என்று பெர்னடெற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்ரி புத்தகத்தை மடியில் வைத்துப் படத்தைப் பார்த்தார், முதலில் சிரித்தார். “கையை விட்டுவிட்டார்கள். வேலை தெரியாதவர்கள்,” என்றார். மறுநாள் பத்திரிகை வாங்கக் கீழே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பெர்னடெற் மேலே போனபோது படுத்திருந்தார்.

“நான் செத்தால், யாருடைய மகள் என்று யார் சொல்லுவார்கள்?” என்று கேட்டார்.

“நான் சொல்லுவன், அன்ரி. ஊரறியச் சொல்லுவன்.”

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய நேரம், ஆஸ்பத்திரியில் அன்ரி போய்விட்டார். அன்று பின்னேரமே பெர்னடெற் கீர்த்தனனுக்குப் போன் எடுத்தாள். இணையத்தில் தமிழர்களின் மரண அறிவித்தல்களைப் போடுகிறவன் அவன்.

“வெள்ளைக்கார மனுசிக்கோ அக்கா?” என்று அவன் தயங்கினான்.

“ஏன், வெள்ளைக்காரர் தாய் தகப்பன் இல்லாம வானத்தில இருந்தே விழுகினம்? நான் சொல்லச் சொல்ல எழுது.”

யாக்கோப்பு பக்கத்தில் நின்று, “அந்த மனிசன் வழக்குப் போட்டாலும் போடும்,” என்றார். போடட்டும் என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்தாள். மறுநாள் அது வெளிவந்தது.

‘அயர்லாந்து கோர்க் கில்பிரானைப் பிறப்பிடமாகவும், லண்டன் மிச்சத்தை வதிவிடமாகவும் கொண்ட திருமதி ஒனோரா கியோ அவர்கள் கடந்த செவ்வாய்க்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற சேர் ஹியூ கோல்டிங் – சீமாட்டி டயானா தம்பதிகளின் அன்பு மூத்த மகளும், காலஞ்சென்ற மைக்கல் கியோவின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற ஜெஃப்ரி கோல்டிங்கின் பாசமிகு சகோதரியும், ரூப்பர்ட் கோல்டிங்கின் அன்பு மாமியும், யாக்கோப்பு – பெர்னடெற் தம்பதிகளின் ஆருயிர் அன்ரியும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்.’

கலியாண வீட்டுக்குத்தான் அழைப்பு வேண்டும், செத்த வீட்டுக்கு அறிவித்தல் போதும். மைக்கலின் பங்குக் கோவிலில் அடக்கப் பூசையன்று ஸ்ட்ரெதமிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சனம் வந்தது. கடையில் அன்ரியின் வாயால் ஏச்சு வாங்கியவர்கள் வந்தார்கள். அன்ரியைக் கண்ணாலும் காணாதவர்கள், பெர்னடெற்றின் பெயரைப் பார்த்து வந்தார்கள். பின் வாங்கில் ஒரு முதியவர், “ஆர் மோசம் போனது?” என்று கேட்டு, “கோல்டிங்கின்ர மூத்த மகள்,” என்று பதில் வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார், கோல்டிங்கை ஏதோ ஊரில் தெரிந்தவர்போல.

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி கிடைத்து ரூப்பர்ட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டியோடு வந்தார். ஆறேழு பேர் இருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மருமகன் என்று அறிவித்தலில் இருக்கிறதே! ஆண்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் மாமி நல்லவர் என்றார்கள். தப்பிப் போக வழியில்லாமல் மனிதர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். தன் பெயர் எப்படி இவர்களுக்குத் தெரியும் என்று கேட்டபோது, மேனுஷா என்ற பிள்ளை போனில் அறிவித்தலைக் காட்டி வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

பூசை முடிந்ததும் அவர் முகம் சிவக்கப் பெர்னடெற்றிடம் வந்தார். “என்னைக் கேட்காமல் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.”

“ஏலாது,” என்றாள் பெர்னடெற். “இது எங்கட வழக்கம்.”

அப்போதுதான் அவருக்குப் பின்னால், தூணோரம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் கிறிஸ்துநாயகம் நிற்பதைக் கண்டாள். நரைத்துப் போயிருந்தார். அவரும் அறிவித்தல் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். பெர்னடெற்றுக்கு ஆங்கிலம் கைவிட்டுப் போனது. ரூப்பர்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் கத்தினாள்.

“பெத்த பிள்ளையை இல்லையெண்டு எழுதினா இல்லாமப் போயிடுமோ? உங்கட அப்பா வெட்டினார், சரி, அந்தாளுக்குக் காணித் திமிர். அந்தாள் செத்த பிறகும் அதே கத்தியைத் தூக்கிக்கொண்டு திரியிறியளே, உங்களுக்கு வெக்கமில்லையோ? வெட்டின பேரை ஒருக்கா எழுதிவிட்டா உங்கட கை முறிஞ்சே போகும்?”

ரூப்பர்ட்டுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. யாரோ அவருடைய தோளைத் தொட்டு, சாப்பாடு இருக்கிறது என்று மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். விளங்கியவர் தூணோரத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்தார்.

“பிள்ளை,” என்றார் கிறிஸ்துநாயகம். தொப்பியைக் கைமாற்றிக்கொண்டார். “அம்மாவுக்கும் ஏலாமப் போச்சுது. டொக்டர்மார் நாள் சொல்லிப்போட்டினம்.”

பெர்னடெற் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோபம் தீரவில்லை, தீரவும் போவதில்லை.

“நாளைக்கே வாறன், என்ர மனிசனையும் கூட்டிக்கொண்டு முன் கதவால வாறன்,” என்றாள். “அம்மாவின்ர அறிவித்தலை நான்தான் எழுதுவன், அண்ணை. பயப்பிடாதேங்கோ. உங்கட பேரும் அதில இருக்கும்.”