வாத்துப்பூ நாறிய நாள்

பெரிய மார்க்கெட்டில் மீன் கடைகளைத் தாண்டும்போது எங்கேயோ எலி செத்த நாற்றம் அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

அப்போது எனக்குச் சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நாள் முழுக்க வாசனைக்கு நடுவிலேயே நின்று என் மூக்கு எதற்கும் உதவாமல் போயிருந்தது. சாம்பார் அடிப்பிடித்தால்கூடப் பக்கத்து வீட்டிலிருந்துதான் சொல்லி அனுப்புவார்கள். குடியிருந்தது டவுனுக்குள், ஜுபைதா அக்கா வீட்டு மாடியில். கீழே அக்காவும் மகள் ஷமீமும் தையல் தைத்தார்கள்.

தவளக்குப்பம் நர்சரி ஒன்றில் வாத்துப்பூக் கொடி வாங்கிவந்தேன். மொட்டு, கழுத்தை மடக்கித் தூங்கும் வாத்து போலவே இருக்குமாம். விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அகலமாம். அக்காவிடம் கெஞ்சி கேட் ஓரமாக நட்டேன். இரண்டு வருடத்தில் அது கேட்டில் ஏறி, துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்து, கரண்ட் மீட்டரையும் எட்டிப் பார்த்தது. பூ மட்டும் இல்லை. வெறும் தழைக்கா இந்தப் பாடு என்று தெருவே கேலி செய்தது. எனக்கோ வீம்பு. ஷமீமைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், முந்தின நாள் ஆளை வைத்து வாசலை அடைத்திருந்த கொடியை வெட்டுவதாக முடிவாயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அந்த முந்தின நாள் காலையில்தான் வீடு நாறியது. எலிதான் என்று பீரோவை நகர்த்தினார்கள், பினாயில் ஊற்றினார்கள், சாம்பிராணி போட்டார்கள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஆனாலும் டார்ச்சோடு பரண் மேல் ஏறி மும்முரமாகத் தேடியது நான்தான். அதற்குள் வெட்ட வந்த ஆள் தழையை விலக்கிவிட்டு இரண்டடி பின்னால் போனார். உள்ளே ஆட்டு ஈரல் நிறத்தில், முழ நீள வாலோடு, என் பூ தொங்கியது.

"இதாம்மா ஒன் பூவு? பொணம் நாறுதே. நாளைக்கு வர்றவங்களுக்கு நான் என்னா சொல்றது?" என்றார் அக்கா.

கொடி வாங்கிய அன்றே நர்சரிக்காரர் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வர, நான் அக்காவிடம் சொன்னேன்: "மொத நாளு மட்டுந்தான்க்கா நாறும். நாளைக்கும் நாறுச்சுன்னா நானே வெட்டிட்டு, வீட்டயும் காலி பண்ணிட்டுப் போறேன்."

என்ன தைரியத்தில் சொன்னேனோ. ஷமீம்தான் ஒருநாள் பார்க்கலாம் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினாள்.

மறுநாள் காலை, என் மூக்கை நம்ப முடியாமல் அவளையே முகரச் சொன்னேன். பூவுக்குள் முகத்தை விட்டு எடுத்தாள். "ஒண்ணுமே இல்லக்கா" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஆட்டோவை விட்டு இறங்கியவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். வாலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். மகனையும் கூப்பிட்டுக் காட்டினார். விறைப்பாக உட்கார வேண்டிய இரண்டு வீட்டாரும் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கே சம்பந்தம் முடிவாயிற்று. சாயங்காலம் தெருவே திரண்டு வந்து பார்த்தது. இரண்டு வருடமாகத் தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடி என்று ஜுபைதா அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தமே இல்லை. தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் கையாட்டினேன்.

இப்போது அங்கே நான்கு மாடி லாட்ஜ். கொடி தொங்கிய இடத்தில் ஏசி பெட்டிகள் தொங்குகின்றன. மார்க்கெட்டிலிருந்து நேரே அங்கேதான் போனேன். கேட்டருகே நின்று மூச்சை இழுத்ததைப் பார்த்து வாட்ச்மேன் என்ன என்று கேட்டார். முன்பு இங்கே ஒரு நாற்றம் வந்தது என்றேன்.

"இங்கல்லாம் எந்த நாத்தமும் வராதும்மா" என்றார் பெருமையாக.

சோப்புக் கம்பெனியை விட்டபின் இப்போது என் மூக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அவர் சொன்னது உண்மைதான்.